முறுக்குக்கு வழிவிடும் இரைப்பை

எடைக்குறைப்பு அறுவை முடிந்து மூன்றாவது வருடம், ஒரு சனிக்கிழமை. மதியம் அக்காவின் தட்டில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு கோழித் துண்டு வைத்தேன். மூன்று வாய் மென்றாள். நான்காவது வாயில் நெஞ்சுக்குழியில் கையை வைத்துக்கொண்டு, "போதும் பாப்பா, இறங்க மாட்டேங்குது" என்று தட்டை நகர்த்திவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தவள் அரை டின் முறுக்கைத் தின்று முடித்திருந்தாள். கூடவே பால் போட்ட தே (தேநீர்) ஒரு மக். அப்போது நெஞ்சு அடைக்கவில்லை, வாந்தியும் வரவில்லை.

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு வருடக்கணக்கில் சாப்பாட்டில் வரும் சிக்கல் இந்த இரண்டு காட்சிக்குள்ளேயே இருக்கிறது. புதிய சிறிய இரைப்பை நல்ல சாப்பாட்டை வாசலிலேயே நிறுத்தி வைக்கும். மாவும் எண்ணெயும் சீனியும் வந்தால் கதவைத் திறந்துவிடும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றியிருக்கும் தோட்டங்களில் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அப்பா அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். நான் வீட்டிலிருந்தே கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் என்று சமைத்துக் கொடுக்கிறேன். டாக்டர் இல்லை. அக்காவுக்கும், எங்கள் வரிசையில் கடைசி வீட்டு லாரி அண்ணனுக்கும் இந்த அறுவை நடந்தது. இருவருக்கும் சமைத்துப் போட்டும், ஈப்போவுக்கு அவர்களோடு கூடவே போய் டாக்டரும் டயட்டீஷியனும் சொன்னதைக் கேட்டும் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். புதிதாக அறுவைக்குத் தயாராகிறவர்களும், அவர்களுக்குச் சமைக்கிறவர்களும் படிக்கவேண்டும் என்று ஆசை.

இந்த அறுவை நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதை ஒரு கணக்கு சொல்லும். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்று, நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, பால் வாளி தூக்கி நடந்த உடம்புக்கு அம்மா வடித்த அந்தக் குவியல் சோறு சரியாக இருந்தது. இப்போது அந்த வேலை இல்லை. பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையில் நிற்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள். சோற்றின் அளவு மட்டும் தோட்டத்திலிருந்து நம்மோடு டவுனுக்கு வந்துவிட்டது.

முதலில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ் அறுவை. இரைப்பையின் வெளி வளைவுப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், சுமார் 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அதனால் கொஞ்ச காலத்துக்குப் பசியே அடங்கிப்போகும்.

லாரி அண்ணனுக்குச் செய்தது பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் 30 மி.லி. அளவுக்கு, ஒரு முட்டை கொள்ளும் அளவுக்கு, ஒரு சின்னப் பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். பழைய இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கமும் உடம்புக்குள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. இரும்புச் சத்தும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது சரியாக அந்தத் தவிர்க்கப்பட்ட இடத்தில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அறுவை முடிந்த முதல் சில வாரங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தெளிந்த நீராகாரம், அப்புறம் பால், சூப், அப்புறம் மசித்தது, அப்புறம் மெத்தென்றது என்று ஆஸ்பத்திரியிலேயே நாள் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கட்டத்தில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், ஏனென்றால் பயம் இருக்கும்.

பயம் போன பிறகு வருவதுதான் நீண்ட காலம்.

முதல் வருடம் எடை மளமளவென்று இறங்கும். அக்காவின் பழைய பஞ்சாபி சட்டைகளை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் அடையாளம் தெரியாமல் நின்றார்கள். பொதுவாக அறுவைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும். அதற்கப்புறம் கொஞ்சம் ஏறும். இது எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். சுவீடனில் 1987-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 விழுக்காடு இழந்திருந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25 விழுக்காடாக இருந்தது. அதாவது கொஞ்சம் திரும்பி வந்தது, ஆனால் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. இரண்டு மூன்று கிலோ ஏறியதும் "எல்லாம் போச்சு, நான் தோத்துட்டேன்" என்று அழுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். அக்காவிடமும் சொன்னேன்.

கொஞ்சம் ஏறுவது உடம்பின் இயல்பு. நிறைய ஏறுவதற்குப் பெரும்பாலும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பசி மெதுவாகத் திரும்புகிறது, பையும் முதல் மாதங்களில் இருந்ததைவிடக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. இந்த நேரத்தில் தட்டில் என்ன பழக்கம் இருக்கிறதோ அதுதான் அடுத்த பத்து வருடம்.

இப்போது முறுக்குக்கு வருவோம். கோழி, மீன், முட்டை, பருப்பு இவற்றுக்குத் திட வடிவம் உண்டு. மென்றாலும் நார் இருக்கும், கனம் இருக்கும். சிறிய பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மெதுவாகக் கீழே இறங்கும், "நிறைந்துவிட்டது" என்ற செய்தி மூளைக்குப் போகும். முறுக்கு அப்படியில்லை. வாயில் போட்டு இரண்டு கடி கடித்தால் எச்சிலோடு மாவாகிக் கரைந்துவிடும். பிஸ்கட்டை தேயில் நனைத்தால் கஞ்சி. ஐஸ்கிரீம் தண்ணீர். மைலோ தண்ணீர். ரசம் ஊற்றிப் பிசைந்த குழைந்த சோறும் கிட்டத்தட்ட அதே இனம்தான். இவையெல்லாம் பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இறங்கியதும் இடம் காலி, மறுபடி கை டின்னுக்குள் போகும். அறுவை குறைத்தது ஒரு நேரத்தில் கொள்ளும் அளவைத்தான். மாலை நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் கை எத்தனை தடவை டின்னுக்குள் போகிறது என்பதை எந்த டாக்டராலும் தைத்து மூட முடியாது.

அக்கா பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "நான் ஒண்ணுமே சாப்பிடலடி, எப்படி எடை ஏறுது?" என்று அவள் கேட்டது உண்மையான கேள்வி. அவள் கணக்கில் சாப்பாடு என்றால் சோறு. சோறு அவள் நிஜமாகவே நாலு கரண்டிதான் சாப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, பழைய பள்ளி நோட்டில் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன். சண்டை போடுவதற்காக இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதற்காக. காலையில் பால் போட்ட தே. பத்து மணிக்கு மேரி பிஸ்கட் மூன்று. சோறு சமைக்கும்போது அப்பளம் ஒன்று, வடை ஒன்று. மாலையில் பக்கத்து வீட்டு வாழைப்பழ கோரெங் (எண்ணெயில் பொரித்தது) இரண்டு. மறுபடி தே. ராத்திரி படுக்கப் போகுமுன் மைலோ. பக்கம் நிறைந்துவிட்டது. அதில் மீனோ முட்டையோ இருந்தது ஒரே ஒரு வரி. நோட்டைப் பார்த்துவிட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவளே அடுத்த பக்கத்தைத் திருப்பி நாளைக்கு என்ன என்று எழுதச் சொன்னாள்.

இனிப்புப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. டின் பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 65 கலோரி, 11 கிராம் சீனி. கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக்குக்கு ஒரு கரண்டியோடு நிறுத்துகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இப்போது அக்கா வெளியே போனால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், வீட்டில் என்றால் சீனி இல்லாத பசும்பால் கொஞ்சம் விட்டுக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அதில் சால்மன் மீன், கிரேக்கத் தயிர், கினோவா என்று இருந்தது. எங்கள் டவுனில் சனிக்கிழமை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதைத் தேடிப் பாருங்கள். அக்கா அந்தத் தாளை மடித்து சாமி மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு, பழையபடி சாப்பிட ஆரம்பித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தன் அடுப்பில் இல்லாத சாப்பாட்டை ஒரு மனுஷி எத்தனை நாள் சாப்பிட முடியும்? நான் உட்கார்ந்து அதையே நம் சமையலில் மாற்றி எழுதி, அடுத்த தடவை போனபோது டயட்டீஷியனிடம் காட்டினேன். அவர் சந்தோஷமாகச் சரிபார்த்துக் கொடுத்தார்.

கணக்கு இப்படி. அறுவை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் டாக்டர் சொல்லும் எண் கொஞ்சம் மாறும். புரதம் குறைந்தால் எடை இறங்கினாலும் தசை சேர்ந்து கரையும், முடி கொட்டும், படி ஏற மூச்சு வாங்கும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கிளாஸ் பாலில் 8. வேகவைத்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் சதை 80 கிராம் அளவுக்கு இருந்தால் கிட்டத்தட்ட 18. தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, 50 கிராமில் 10 பக்கம். சமைத்த கோழிச் சதை 60 கிராமில் 16 பக்கம். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் மீன், மாலை நாலு மணிக்கு வதக்கிய தெம்பே, ராத்திரி கோழி, நடுவில் ஒரு கிளாஸ் பால். கூட்டிப் பாருங்கள், 64 வரும். இதில் நம் சந்தையில் கிடைக்காத ஒரு பொருளும் இல்லை.

சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. சாம்பாரை நம்பிவிடக் கூடாது. நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பு அடியில், தண்ணீர் மேலே, கரண்டி விடுவதும் மேலே. கெட்டியாகக் கடைந்த பருப்பு அரைக் கப்பில் 9 கிராம் வரும். கடலைச் சுண்டல், தயிர், தெம்பே, தாவு (சோயாப் பன்னீர்), பன்னீர் இவற்றைச் சுற்றிச் சுற்றி வைக்கவேண்டும். சோறு ஒரு கப்பில் 4 கிராம்தான், அதனால் சோற்றுக்குத் தட்டில் கடைசி இடம்.

கடைசி இடம் என்று நான் சொல்வது உண்மையாகவே வரிசையைத்தான். முதலில் மீனோ கோழியோ முட்டையோ. அது பாதி முடிந்ததும் காய்கறி. இடம் மிச்சம் இருந்தால் இரண்டு மூன்று கரண்டி சோறு. நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமானது இதற்கு நேர் எதிர். நடுவில் சோறு, அதைத் தொட்டுக்கொள்ள ஓரத்தில் மற்றது. அக்காவின் தட்டில் நான் இதைத் தலைகீழாக மாற்ற நாலு மாதம் ஆனது.

அவள் இப்போது சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பால்வாடிப் பிள்ளைக்கு வைக்கும் சின்ன எவர்சில்வர் தட்டு. குழம்பிலிருந்து எடுத்த கெம்போங் மீனை முதுகு முள்ளை ஒட்டி விரலால் பிரிப்பாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. வாயில் போட்டதும் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இருபது, இருபத்தைந்து தடவை மெல்லுவாள். விழுங்கிய பிறகுதான் கை மறுபடி தட்டுக்கு வரும். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நாலு எண் தாண்டுவதற்குள் தட்டு முடியாது. அந்த இருபது நிமிடம் அவளுக்குத் தேவை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரவேண்டும். சிலருக்கு விக்கல் வரும், மூக்கில் நீர் வடியும், ஒரு பெருமூச்சு வரும். அதுதான் அவர்கள் உடம்பு சொல்லும் "போதும்". அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் வலி, வாந்தி.

சமைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கோழி நெஞ்சை வறட்டி வைத்தால் யாருக்கும் இறங்காது, தப்பு அக்காவிடம் இல்லை, என் சமையலில் இருந்தது. தொடைக்கறியைக் குழம்பில் நன்றாக வேகவைத்து நாருக்குக் குறுக்கே வெட்டினேன். கொத்துக்கறியாகச் செய்தேன். மீனை வறுப்பதைக் குறைத்துப் புளிக்குழம்பில் போட்டேன். அதற்கப்புறம்தான் அவள் தட்டு காலியானது. மிருதுவான ரொட்டி, ஒட்டிக்கொள்ளும் சோறு, ரொட்டி சானாய் போன்ற பிசைந்த மாவு வகைகள் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்வதும் உண்டு. சிலருக்கு இட்லி ஒத்துப்போகும், சிலருக்கு அதுவும் அடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்துத்தான் பார்க்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் பழக்கம் பெரிய இடைஞ்சல். சாப்பாட்டோடு சொம்பு வைக்காவிட்டால் நமக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்காது. ஆனால் இவ்வளவு சின்னப் பையில் தண்ணீரும் சாப்பாடும் சேர்ந்தால் உடனே நிரம்பி வலிக்கும், சாப்பாட்டுக்கு இடம் போய்விடும். அதனால் சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். மற்ற நேரமெல்லாம் சிறுகச் சிறுக, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போகவேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது குறைந்தபட்சம். மொத்தமாக ஒரே மூச்சில் குடிக்க முடியாததால், காலையிலிருந்தே போத்தலைக் கூடவே தூக்கித் திரியவேண்டும். வாயு அடைத்த பானங்கள் பையை உப்பவைத்து வலிக்கும், அவற்றை விட்டுவிடுவது நல்லது.

மாத்திரை பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது வருடம் அக்கா ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி எடுத்துக் கடிக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் ஐஸ் தட்டைத் திருகுகிற அந்தச் சத்தம், கடக் கடக் என்று. ராத்திரி பத்து மணிக்கும் அதே சத்தம். வெயிலுக்கு நன்றாக இருக்கிறது என்றாள். நாங்களும் சிரித்துக்கொண்டோம். கொஞ்ச நாளில் துணி காயப்போடவே மூச்சு வாங்கியது, கண் இமைக்குள்ளே வெளுத்துக் கிடந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் இரும்புச் சத்து அடிமட்டத்தில். ஐஸ் கட்டியைக் கடிக்கவேண்டும் போலவே இருப்பது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. விசாரித்தால், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று ஆறு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். இருந்த கொஞ்சத்தையும் சாப்பிட்டதும் குடிக்கும் தே கெடுத்துக்கொண்டிருந்தது. தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும். பல சத்தும் சேர்ந்த விட்டமின், இரும்பு, கால்சியம், விட்டமின் டி, பி12. இரைப்பை சிறுத்ததால் பி12 உடம்பில் சேர்வதற்கு உதவும் பொருளும் அமிலமும் குறைந்துபோகிறது. பைபாஸில் இரும்பும் கால்சியமும் உறிஞ்சும் இடமே வழியில் இல்லை. நான் முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும், நடுவில் இரண்டு மணி நேரமாவது விடவேண்டும். அக்கா இரும்பு மாத்திரையைக் காலையில் ஒரு கொய்யாத் துண்டோடு போடுகிறாள், அதிலிருக்கும் விட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். கால்சியம் மதியமும் ராத்திரியும். எந்த மாத்திரை எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லவேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பரிசோதனை வேண்டும், பத்து வருடம் ஆனாலும் வேண்டும்.

ஒரே ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். நாள்கணக்கில் வாந்தி நிற்காமல் இருந்தால் "கொஞ்சம் அதிகமா சாப்பிட்டிருப்பேன்" என்று வீட்டில் இருக்காதீர்கள். பி1 விட்டமின் வேகமாகத் தீர்ந்துபோய், கால் மரத்து, நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகி, பேச்சு குழம்பும் நிலை வரலாம். நேரத்தோடு ஊசி போட்டால் காப்பாற்றலாம், தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு. அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக "வயிற்றைக் குறைக்கும் அறுவை செய்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பணியில் இருப்பவர் உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

லாரி அண்ணன் கதை வேறு. அவருக்குப் பைபாஸ் ஆகி எட்டாவது மாதம், கோலக்கங்சாருக்குப் போகும் வழியில் வெயில் தாங்காமல் ஒரு செண்டோல் (ஐஸும் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்த்தது) குடித்திருக்கிறார். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, வயிறு முறுக்கி, லாரியை ஓரம் கட்டிவிட்டார். மாரடைப்பு என்று நினைத்து வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். டம்பிங் என்று இதைச் சொல்கிறார்கள். சீனித் தண்ணீர் சின்னப் பையில் நிற்காமல் நேராகக் குடலுக்குள் கொட்டியதும், அதைக் கரைக்க உடம்பு நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அதனால் வரும் படபடப்பு. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இனிப்பு சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகையாகச் சுரந்து சர்க்கரை அடியோடு இறங்கி, கை நடுங்கி மயக்கம் வரும். வண்டி ஓட்டுகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பைபாஸ்காரர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ்காரர்களுக்குக் குறைவு. அக்காவுக்கு வந்ததே இல்லை. அதனாலேயே அவளை இனிப்பு விஷயத்தில் தடுத்து நிறுத்த உடம்பில் ஒரு காவலும் இருக்கவில்லை.

அண்ணனிடம் நான் கெஞ்சிக் கேட்ட இன்னொன்று, குடி. பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக இரத்தத்தில் ஏறும், அளவும் உச்சத்துக்குப் போகும். முன்னால் மூன்று கேனுக்கு வந்த போதை ஒன்றிலேயே வரும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனதும் அந்த இடத்தில் குடி வந்து உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது. அறுவைக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, மதுப் பழக்கம் கூடும் ஆபத்து மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. நம் தோட்டத்துக் குடும்பங்கள் குடியால் இழந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுப்ரொஃபென் மாத்திரைகளும் பைபாஸ்காரர்களுக்கு இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். சிகரெட்டும் அப்படியே. வலிக்கு எது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது நம் அன்புதான். "என்னா அக்கா, குருவி மாதிரி கொத்துறீங்க, இன்னும் கொஞ்சம் வைங்க லா" என்று கல்யாண வீட்டில் கரண்டியோடு நிற்கிறவர் நல்ல மனசோடுதான் நிற்கிறார். தட்டில் மிச்சம் வைத்தால் சாப்பாட்டுக்கு அவமரியாதை என்று அம்மா அடித்து வளர்த்த பிள்ளைகள் நாம். அதற்கு நான் கண்ட வழி, பந்தியில் அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வது. அவளுக்குத் தனியாக இலை போடாமல் என் இலையிலிருந்தே எடுத்து வைப்பேன். பரிமாறுகிறவருக்கும் மனம் நோகாது, சோறும் வீணாகாது. சமையல் என் பொறுப்பு என்றால், சோறு வருவதற்கு முன்னாலேயே அவளுக்குக் கோழியும் கூட்டும் வந்துவிடும்.

கோயில் விரதமும் கேட்கிறார்கள். தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் சைவமாக இருப்பதில் தடை இல்லை, புரதக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொண்டால். ஒரு வேளை உண்டு மற்ற வேளை பட்டினி கிடப்பது இந்த உடம்புக்குக் கடினம், ஏனென்றால் ஒரே வேளையில் நாள் முழுவதுக்குமானதைச் சாப்பிட அங்கே இடம் இல்லை. தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம் என்றே சொல்வேன். அக்கா இப்போது தீ இறங்குவதில்லை, விரதக்காரர்களுக்குப் பானகம் கரைத்துக் கொடுக்கிறாள்.

வெளியில் சாப்பிடும் நாள்களில் கோப்பிக் கடையில் பாதி வெந்த முட்டை இரண்டு கேட்டால் அதைவிட நல்ல காலைச் சாப்பாடு இல்லை. சீனர் கடையில் தாவும் மீன் உருண்டையும் போட்ட சூப், மீ (நூடுல்ஸ்) இல்லாமல். மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் தந்தூரி கோழி, 'நான்' ரொட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சோற்றில்) நெத்திலியையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டு, சோற்றில் இரண்டு கரண்டி. கேட்டால் எல்லாரும் செய்து கொடுக்கிறார்கள்.

அக்காவின் எடை மூன்றாவது வருடம் ஏழு கிலோ ஏறியிருந்தது. நோட்டு எழுதத் தொடங்கி, மாலை நாலு மணிக்கு முறுக்கு இருந்த இடத்தில் தெம்பேயோ சுண்டலோ வந்த பிறகு, ஒரு வருடத்தில் நாலு கிலோ இறங்கியது. மூன்று நின்றுவிட்டது. நின்றது நிற்கட்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை காலை, குளிக்குமுன் எடை பார்ப்பாள். தினமும் பார்த்தால் மனசு அலைபாயும். தொடர்ந்து ஏறினால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் உடனே கிளினிக்குக்குப் போவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மருந்து இருக்கிறது, டயட்டீஷியன் இருக்கிறார், மனம் விட்டுப் பேச ஆலோசகர் இருக்கிறார், தேவைப்பட்டால் அறுவையையே மறுபடி சரிபார்க்கவும் வழி இருக்கிறது. அக்கா ராத்திரியில் டின்னைத் தேடியதற்குப் பின்னால் அத்தான் போன பிறகு வந்த தனிமை இருந்தது. அது ஆலோசகரிடம் மூன்றாவது தடவை பேசும்போதுதான் வெளியே வந்தது.

போன தீபாவளிக்கு முறுக்கு நான்தான் சுட்டேன். அக்கா மாவு பிசைந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குத் தட்டு வைத்துவிட்டு, அவளும் ஒன்று எடுத்து நாற்காலியில் உட்கார்ந்து தின்றாள். டின் சமையலறையில் இருந்தது, டிவி பக்கம் இல்லை. அடுத்த இரத்தப் பரிசோதனை பங்குனியில். நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள், உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால்.